வண்டி சுமப்பது சரக்கையா, தன்னையா?

பினாங்குக்கு வந்து நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பியவர் அரிது. அந்தப் பெயருக்குள் ஒரு வண்டி ஒளிந்திருப்பதைக் கவனித்தவர் அதைவிட அரிது. மலாயில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குப் பசியாற்ற, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக நடந்தார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறும் காவடியும் அடிப்படையில் இதே கருவிதான்: ஒரு தண்டு, இருபுறமும் சுமை, நடுவில் ஒரு தோள்.

வண்டி என்று பார்த்தால் அந்தத் தண்டுக்கு ஈடான வண்டி இன்றைக்கும் ஜார்ஜ்டவுனில் இல்லை. ஒரு கணக்குக்கு, தண்டு, கூடை, காலிச் சட்டிகள் எல்லாம் சேர்ந்து 8 கிலோ என்றும் சோறும் கறியும் 32 கிலோ என்றும் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 40 கிலோவில் 32 கிலோ விற்கும் பொருள். நூற்றுக்கு எண்பது! எந்த லோரியும் இதன் பக்கத்தில் வர முடியாது.

ஆனால் தண்டு தானாக நடக்காது. சுமப்பவர் 60 கிலோ என்றால் நகர்வது மொத்தம் 100 கிலோ. அதில் சரக்கு 32. எண்பது விழுக்காடு ஒரே நொடியில் முப்பத்திரண்டாக இறங்கிவிடுகிறது. இரண்டு விடையும் சரிதான். கேள்விதான் வேறு. சுமப்பவரை வண்டியோடு சேர்ப்பதா, சரக்கோடு சேர்ப்பதா, இரண்டிலும் சேர்க்காமல் விடுவதா என்று முதலில் முடிவு செய்யாதவர் பிறகு போடும் கணக்கு எதுவும் நிற்காது. இந்த அத்தியாயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்றே எடைகள். வண்டி காலியாக நிற்கும்போது இருப்பது வெற்று எடை. காசு கொடுப்பவருக்காக ஏற்றுவது சுமை. இரண்டும் சேர்ந்தது மொத்த எடை. சுமையை மொத்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சுமை விகிதம் கிடைக்கும். நகரும் ஒவ்வொரு நூறு கிலோவிலும் எத்தனை கிலோவுக்கு யாரோ ஒருவர் பணம் தருகிறார் என்பதை அந்த எண் சொல்லும். மிச்சம் அத்தனையும் வண்டி தன்னைத்தானே சுமப்பது.

மலேசியாவில் சரக்கு வண்டி வைத்திருப்பவர் இந்த எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவை லோரியின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். 'பெராட் தன்பா முவாத்தான்' என்பது சுமையில்லாத எடை. 'பெராட் டெங்கான் முவாத்தான்' என்பது சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை. சுருக்கி மூன்று மூன்று எழுத்தாக எழுதியிருப்பார்கள். நடு எழுத்து மட்டும் மாறும். அவசரத்தில் மாற்றிப் படித்தவர்களும் உண்டு. சின்ன எண் வெற்று எடை, பெரிய எண் மொத்த எடை என்று நினைவில் வைத்தால் போதும்.

ஒரு சிறிய லோரியில் 3,000 கிலோ, 5,000 கிலோ என்று இரண்டு எண்கள் இருப்பதாகக் கொள்ளலாம். கழித்தால் 2,000. விகிதம் 40 விழுக்காடு. பெரும்பாலான முதலாளிகள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். விற்பனைத் தாளிலும் இதுதான் அச்சாகிறது. நிறுத்தக் கூடாத இடம் இதுதான்.

ஏனென்றால் அந்த 2,000 கிலோவுக்குள் முதலில் ஏறி உட்காருவது ஓட்டுநரும் அவருக்கு உதவியாளரான கெலிண்டானும். இருவருக்கும் 130 கிலோ. தார்ப்பாய், கயிறு, தள்ளுவண்டி, ஒதுக்கி வைக்க மனம் வராத பழைய பலகைகள் என்று இன்னொரு 70 கிலோ. விற்கும் சரக்குக்கு மிஞ்சுவது 1,800 கிலோ, அதாவது 36 விழுக்காடு. டீசலும் எடைதான்; நூறு லிட்டர் ஏறக்குறைய 84 கிலோ. கதவில் எழுதிய எண் வண்டி புதிதாக இருந்தபோது எடுத்தது. அதன்பின் இரும்புப் பெட்டியும் பின்பக்கம் சரக்கு தூக்கும் மேடையும் பொருத்தி 400 கிலோ கூட்டியிருந்தால் சரக்கு 1,400 கிலோவாகச் சுருங்கி, விகிதம் 28-க்கு வந்துவிடும். ஆகவே தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றி, வழக்கமாக வண்டியில் கிடக்கும் எல்லாவற்றையும் வைத்தபடியே, ஆள்களையும் உட்கார வைத்து, ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. பழைய இரும்புக் கிடங்குகளிலும் செம்பனை ஆலைகளிலும் எடைமேடை உண்டு. அங்கே வரும் எண்தான் உண்மையான வெற்று எடை.

அடுத்த கேள்வி, சுமை என்று ஏற்றுவதில் எவ்வளவு உண்மையில் சரக்கு?

சமையல் எரிவாயு தோம்பை எடுத்துக்கொள்ளலாம். வீடுகளுக்கு வரும் பெரிய தோம்பில் எரிவாயு 14 கிலோ. அதைச் சுற்றியுள்ள இரும்பும் ஏறக்குறைய அதே எடை; 15 கிலோ என்று கொண்டால் தோம்பு ஒன்றுக்கு 29 கிலோ. நம் லோரியின் 1,800 கிலோவில் 62 தோம்புகள் ஏறும். எரிவாயு 868 கிலோதான். அதே லோரி, அதே பாரம். ஆனால் விகிதம் 36-லிருந்து 17-க்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்குக் காலித் தோம்புகளை அப்படியே வீசிவிட முடியாது; திரும்பும்போது 930 கிலோ இரும்பு கூடவே வரும். மீன் வியாபாரியின் பனிக்கட்டியும் சோடாக்காரரின் கண்ணாடிப் போத்தலும் இந்த வகைதான். அரிசி மூட்டைக்காரர் கொடுத்துவைத்தவர். சாக்குக்கு எடையே இல்லை.

முன்னொரு காலத்தில் ஜார்ஜ்டவுனுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் இழுத்தார்கள். பர்மா ரோட்டை ஹொக்கியன் பேசுபவர்கள் இன்றும் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்ற பொருள்பட 'ச்சியா ச்சுய் லோர்' என்கிறார்கள். மரப்பீப்பாயும் கட்டைச் சக்கரமும் மாடும் சேர்த்து அந்த வண்டிக்கு விகிதம் போட்டுப் பார்க்க இன்று எண்கள் இல்லை. குழாய் வந்ததும் கேள்வியே மறைந்தது. குழாய்க்கு வண்டியே தேவையில்லை அல்லவா.

பெரிய ஓட்டை இன்னும் வரவில்லை. அது திரும்பும் பயணம். பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தின் வழியாக அரிசி ஏற்றிவந்த லோரி, தீவில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. போகும்போது நகர்ந்தது 5,000 கிலோ. வரும்போது ஆள்களோடும் தட்டுமுட்டுச் சாமானோடும் 3,200 கிலோ. இரண்டும் சேர்ந்து 8,200. அதில் அரிசி 1,800. போகவர விகிதம் 22 விழுக்காடு. எரிவாயு லோரிக்கு இதே கணக்கு ஒன்பதரை. அரைப் பாரத்தோடு கிளம்பும் அரிசி லோரிக்குப் பன்னிரண்டு. கதவில் நாற்பது என்று பெருமையாகச் சொன்ன வண்டி இதுதான்.

இங்கே ஒரு சோதனை. லோரிக்காரர் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அலுமினியப் பெட்டி போட்டு வெற்று எடையில் நூறு கிலோ குறைக்கலாம். அப்போது சரக்கு 1,900. போகவர விகிதம் 22-லிருந்து இருபத்து மூன்றரைக்கு ஏறும். பணத்தைத் தொடாமல், தீவிலிருந்து திரும்பும்போது யாரிடமாவது பேசி 900 கிலோ சரக்கு ஏற்றிவந்தால் விகிதம் கிட்டத்தட்ட 30. உலோகத்தில் தேடும் ஆதாயம் தொலைபேசியில் கிடைக்கிறது. எடை குறைந்த வண்டிக்கு ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு ஆசைப்படலாம்.

விகிதத்தை ஏற்ற இன்னொரு குறுக்குவழியும் உண்டு: அனுமதித்ததற்கு மேல் ஏற்றுவது. தாளில் எண் அழகாக ஏறும். அச்சும் பிரேக்கும் அதை வேறு விதமாகப் படிக்கும். சாலையும்தான். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு லோரிகளை ஓயாமல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்த விதி, சாலைக்கு வரும் சேதம் அச்சின் மேல் உள்ள எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது என்பது. ஓர் அச்சின் மேல் எடை இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. அதிகாரிகள் மொத்த எடையோடு நில்லாமல் ஒவ்வோர் அச்சின் எடையையும் பார்ப்பது இதனால்தான்.

இனி ஆள் ஏறும் வண்டிகள். மைவி கார் ஒரு டன்னை ஒட்டிய எடை. ஒருவர் மட்டும் ஏறி, பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனால் 1,065 கிலோவில் பயணி 65 கிலோ. ஆறு விழுக்காடு. ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் இருபத்து நான்கரை. கப்சாய் மோட்டார் சுமார் 100 கிலோ. ஒருவர் ஏறினால் 39 விழுக்காடு, இருவர் ஏறினால் ஐம்பத்தாறரை. சுமை விகிதத்தில் கப்சாய்தான் இன்றைய கண்டார்.

அதே கப்சாய், உணவு கொண்டுசெல்லும்போது கதை தலைகீழாகிறது. இப்போது ஓட்டுபவர் பயணி அல்ல, இயந்திரத்தின் பகுதி. மோட்டார் 100, ஆள் 65, முதுகுப் பெட்டியில் 2 கிலோ சோறு. 167 கிலோவில் 2. ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் ஏவும் எடை சுமார் 2,900 டன்; அதில் நிலவை நோக்கி அனுப்பியது 45 டன்னை ஒட்டி. ஒன்றரை விழுக்காடு. பர்மா ரோட்டில் ஒரு வீட்டுக்கு நாசி லெமாக் கொண்டுபோவது, எடைக் கணக்கில், நிலவுக்குப் போவதைவிடக் கொஞ்சம் மோசம். இது ஓட்டுபவரின் குற்றமல்ல. ஒரு பயணத்தில் மூன்று வீட்டுப் பொட்டலம் எடுத்தால் எண் மும்மடங்காகும்.

விகிதம் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. கெரோபோக், ரொட்டி, பஞ்சுத் தலையணை ஏற்றுபவரின் லோரி எடையால் நிறையாது; இடத்தால் நிறைந்துவிடும். பெட்டி முட்ட ஏற்றியபிறகும் விகிதம் தாழ்ந்தே நிற்கும். அவருக்கு வேண்டியது கன அடிக் கணக்கு. இந்த அத்தியாயம் அவருக்கு அதிகம் உதவாது.

வெற்று எடையைக் குறைக்க முடியாவிட்டால் அதை இன்னொரு வெற்று எடையோடு மோதவிட்டு அழித்துவிடலாம். அந்த வித்தை பினாங்கில் நூறு ஆண்டாக நடக்கிறது, கொடிமலையில்.

மலைக்கு ரயில் வருவதற்கு முன் வெள்ளைக்காரத் துரைகளை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒரு துரைக்குப் பல தோள்கள். விகிதம் கேட்கவே வேண்டாம். முதலில் செய்த ரயில் முயற்சி ஒன்று தோற்றது. பிறகு கட்டிய பாதை 1923-இல் ஓடத் தொடங்கியது. அதில் பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது. மேலே மோட்டார், அதைச் சுற்றி ஓர் இரும்புவடம், வடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டி இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல: காலி வாளி இறங்கும்போது நிறைந்த வாளியின் சொந்த எடையை ஈடுகட்டிவிடும்.

இரண்டு பெட்டியும் ஒரே எடை. ஆகவே பெட்டியின் எடை பெட்டியாலேயே கழிந்துவிடுகிறது. மோட்டார் இழுக்க வேண்டியது இரண்டு பெட்டியிலும் உள்ள ஆள்களின் வித்தியாசத்தையும் உராய்வையும், பாதையில் பெட்டிகள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் வடத்தின் எடையையும்தான். பழைய பாதை இரண்டு துண்டு. நடு நிலையத்தில் இறங்கி மாறி ஏற வேண்டும். 2010-இல் மூடிப் புதுப்பித்து, 2011 முதல் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரே பெட்டியில் போகிறார்கள். பெட்டிக்கு நூறு பேர். பாதையின் நீளம் இரண்டு கிலோமீட்டரை ஒட்டி; ஏற்றம் ஏறத்தாழ 700 மீட்டர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர், ஆளுக்கு 60 கிலோ: 6 டன். அதை 700 மீட்டர் தூக்க, உராய்வை விட்டுவிட்டால், வீட்டு மின்கட்டணத்தில் வரும் யூனிட் கணக்கில் சுமார் 11 யூனிட் மின்சாரம் போதும். பெட்டி பத்து டன் என்று வைத்து, எதிரே பெட்டி இல்லாமல் தனியாக இழுத்தால் இன்னும் 19 யூனிட் வேண்டும். அந்தப் பத்தொன்பதைத்தான் எதிர்ப்பெட்டி மிச்சப்படுத்துகிறது. காலையில் ஏறுபவர் அதிகம்; மோட்டார் உழைக்கும். மாலையில் இறங்கும் பெட்டி நிறைந்து, ஏறும் பெட்டி காலியாக இருந்தால் இறங்குபவர்களின் எடையே மற்றதை மேலே தூக்கிவிடும். மோட்டாருக்கு அப்போது பிடித்து நிறுத்தும் வேலைதான் மிச்சம்.

வெற்று எடையைக் குறைக்கும் பாடம் கடல் வழியிலும் தாமதமாக நடந்தது. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடிய பெரிய ஃபெரிகள் கார்களைச் சுமந்தன. ஒருவர் அக்கரை போக, அவரோடு ஒரு டன் இரும்பும் கடல் கடந்தது. 1985-இல் முதல் பாலமும் 2014-இல் இரண்டாம் பாலமும் வந்தபிறகும் அந்தப் பழக்கம் நீடித்தது. 2020 முடிவோடு நான்கு சக்கர வண்டிகளை ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. பழைய ஃபெரியில் காருக்குள் உட்கார்ந்தபடி கடல் காற்று வாங்கியவர்களுக்கு மனக்குறைதான். எடைக் கணக்கு போடுபவர் புதிய ஃபெரியின் பக்கம்தான் நிற்பார்.

விகிதம் தெரிந்தபிறகு எண்ணெய்க் கணக்கையும் சேர்க்க வேண்டும். சுமை கிலோவைத் தூரத்தால் பெருக்கி, செலவான லிட்டரால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை கிலோவை ஒரு கிலோமீட்டர் நகர்த்தியது என்று வரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் கப்சாயில் ஒருவர் போனால் 3,250. லிட்டருக்கு 18 ஓடும் மைவியில் ஒருவர் போனால் 1,170. ஐந்து பேர் போனால் 5,800-ஐ ஒட்டி. அதாவது நிறைந்த மைவி, ஒற்றை ஆள் கப்சாயை வெல்லும். இருவர் ஏறிய கப்சாயிடம் தோற்கும். நம் அரிசி லோரி போகும்போது லிட்டருக்கு 8, காலியாகத் திரும்பும்போது 10 என்றால், போகவர ஒரு லிட்டர் 8,000 கிலோவை நகர்த்தியிருக்கும்.

இப்படி வண்டிகளை வரிசைப்படுத்தும் ஆசை பெரிய மூளைகளுக்கும் இருந்தது. 1950-இல் பொறியாளர்களான தியோடர் ஃபான் கார்மானும் ஜூசெப்பே காப்ரியேலியும் கப்பல், ரயில், கார், விமானம் என்று எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் நிறுத்தினார்கள். இயந்திரத்தின் சக்தியை, எடையையும் வேகத்தையும் பெருக்கி வந்ததால் வகுப்பது அவர்கள் முறை. வேகம் கூடக் கூட எல்லா வகை வண்டிக்கும் விலை ஏறுகிறது என்று அது காட்டியது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது மொத்த எடையை. வண்டி தன்னைத் தானே சுமப்பதும் அந்தக் கணக்கில் வேலையாகச் சேர்ந்துவிடும். பினாங்கு வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்கு இரும்பைச் சுமந்ததற்கு யாரும் வாடகை தருவதில்லை.

எடை விகிதம் போடக் கூடாத வண்டியும் ஊரில் ஓடுகிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 2017 முதல் தங்க ரதமும் போகிறது. இத்தனை பெரிய ரதத்தில் உற்சவர் எடை எவ்வளவு என்று கணக்குக் கேட்பவரை வழியில் தேங்காய் உடைக்கும் கூட்டம் ஒரு மாதிரிப் பார்க்கும்.

மற்ற எல்லா வண்டிக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். பயணத்துக்கு ஒரு வரி: தேதி, போன இடம், கிலோமீட்டர், போகும்போது சரக்கின் எடை, வரும்போது சரக்கின் எடை. சரக்கு என்ற இடத்தில் தோம்பின் இரும்பையும் பனிக்கட்டியையும் சேர்க்கக் கூடாது. வெற்று எடையை முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும். எடைமேடைச் சீட்டை அங்கேயே ஒட்டிவிடலாம். ஒரு வாரம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை இரவு கூட்டவும். சரக்கு எழுதாமல் காலியாக விட்ட வரிகளையும் கூட்டலில் சேர்க்கவும். லோரி அந்த நாள்களிலும் ஓடியிருக்கிறது.